கடைசிப் பெட்டி போகும்வரை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட என் நைட்டி பக்கத்து வீட்டு மொட்டை மாடியில். போய்க் கேட்டு வாங்கி வருவதற்குள் தோசை கருகல்.

இன்று செய்ய:
– ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் (திருத்தியது பதினொன்று. பாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம்)
– காஸ் பதிவு
– காதர் சாரிடம் கறுப்புக் கோட்டு
– ஹெச்.எம்.மிடம் நாடகப் பட்டியல். இதுதான் முக்கியம்.

முதல் மூன்றும் நடக்கவில்லை. நான்காவது நடந்தது, ஒருவிதமாக.

இரண்டு வருடமாக எங்கள் பள்ளி நாடகக் குழு செய்வதெல்லாம் ஆண்டு விழாவில் பத்து நிமிடம். அதுவும் இரண்டு நடனத்துக்கு நடுவில், ஆடுகிற பிள்ளைகள் உடை மாற்றும் நேரத்தை நிரப்ப. கணக்கு டீச்சர் எழுதிய நாடகம், அதற்கு மேல் யார் எதிர்பார்ப்பார்கள். இந்த வருடம் விடுவதாக இல்லை. முழு நாடகம், மூன்று. நானும் பிள்ளைகளும் சேர்ந்து கட்டியது.

ஆகஸ்ட்: முட்டை வழக்கு. ஒருத்தியின் கோழி இன்னொருத்தன் வண்டியில் முட்டை போட்டுவிடுகிறது. முட்டை யாருக்கு என்று கோர்ட்.
அக்டோபர்: பின்பக்க வரி. லாரிக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று ஒரு குடும்பமே சண்டை.
டிசம்பர்: மேகத்தின் மனு. குறைதீர்க்கும் நாளில் ஒரு மேகம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து வரிசையில் நிற்கிறது. எந்த ஊரில் பெய்வது என்று அதற்குத் தெரியவில்லை.

ஹெச்.எம். கண்ணாடியை இறக்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா சிரித்து இந்தப் பள்ளியில் யாரும் பார்த்தது கிடையாது. இருபது வருட சர்வீஸ் ஆயாம்மாவே சொல்வார், "சிரிப்பா, அம்மாவா, நீ வேற டீச்சர்."

"மூணு நாடகம்னா தினம் நாலேகால்லருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் பசங்களை நிறுத்தணும். பெத்தவங்க ஒத்துக்கணும். பத்தொம்பதாம் தேதி பெற்றோர் கூட்டம். முதல் நாடகத்துல ஒரு காட்சி போட்டுக் காட்டுங்க. பார்த்துட்டுப் பாதிப் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டா சீசன் நடக்கட்டும்."

"இல்லேன்னா மேடம்?"

"இல்லேன்னா அந்த நேரம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். நீங்கதான் எடுக்கப் போறீங்க."

ஆக, நாடகம் போனால் அந்த இடத்தில் உட்காரப் போவதும் நானே. என்ன ஒரு ஏற்பாடு. கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் நாலேகால் மணிக்குப் பிடிக்காது.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. கண்ணில் மண்.

புதிதாக மூன்று பேர் சேர்ந்திருப்பதால் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். எங்கள் அறை மாடியில், பழைய லேப். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். சூரமங்கலத்தில் ரயில் சத்தம் இல்லாத பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும். முதல் வருடம் ஒரு பையன் கூட்ஸ் வண்டியோடு போட்டி போட்டுக் கத்தி ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டான். அதிலிருந்து வந்தவை:

1. வண்டிச் சத்தம் கேட்டால் இருந்த நிலையில் அப்படியே சிலை. கை தூக்கியிருந்தால் தூக்கியபடி.
2. ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். உனக்குக் கேட்டதா இல்லையா என்பது கேள்வி இல்லை.
3. ஜன்னல் பக்கம் நிற்பவர் கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்த்து "கடைசிப் பெட்டி" என்று சொல்லும்வரை அசையக் கூடாது.
4. சொன்னதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

தன்வீர் (எட்டாம் வகுப்பு, வண்டிக்காரன் வேடம், வாய் ஓயாது) கேட்டான்: "டீச்சர், நிக்கும்போது மூக்குல ஈ உக்காந்தா?"

"ஈயும் சிலைதான்."

இன்று மூன்று கூட்ஸ், ஒரு பாசஞ்சர். சாயங்காலம் கீழேயிருந்து ஹெச்.எம்.மின் துண்டுச் சீட்டு வந்தது. அவர் அறை எங்களுக்கு நேர் கீழே. வாரத்துக்கு ஒன்றாவது வரும். எப்போதும் ஒரே வார்த்தை, கீழே கையெழுத்து: "சத்தம்." இன்று கொஞ்சம் நீளம்: "கடைசிப் பெட்டி என்று தினமும் கத்துவது யார்?"

ஹேமலதா, மேடம், ஜன்னல் பக்கம் நிற்பவள். ஒன்பதாம் வகுப்பு. ஜூனில் மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிற பெண். என் வகுப்பில் இந்த ஒரு மாதத்தில் அவள் வாய் திறந்தது அட்டெண்டன்ஸுக்கு மட்டும். 'என்னுடைய' என்பதற்கு 'என்ற' என்கிற அவள் ஊர்ப் பேச்சைக் கேட்டு முதல் வாரம் யாரோ சிரித்துவிட்டார்கள், அதிலிருந்து பூட்டு. ஆனால் மாடிக்கு வந்து கோழிக்காரி சின்னக்காளாக நின்றால்:

"அது என்ற கோழிங்க. என்ற ஊட்டுத் தவுட்டத் தின்ன கோழிங்க. வண்டி உங்குளுதா இருக்கலாம், வயிறு என்ற கோழிதுங்க."

இதை நான் எழுதவில்லை. அவளே சொன்னது. நான் குறித்துக்கொண்டேன், அவ்வளவே.

ஜூலை 10, வியாழன்

நீதிபதி தகராறு. மூன்று பேரைப் போட்டுப் பார்த்தாயிற்று. மூவரும் ஹேமா வாயைத் திறந்ததும் சிரித்துவிடுகிறார்கள். நீதிபதி சிரித்தால் கோர்ட்டே போயிற்று. நாடகம் முழுக்க அந்த ஓர் ஆள் மட்டும் சிரிக்கக் கூடாது, அப்போதுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

காதர் சார் (பி.டி. சார். விசில் அடிக்காத நேரத்தில் எனக்குத் திரை தைத்துத் தருவார், அவர் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை) கறுப்புக் கோட்டு கொண்டுவந்தார். வக்கீல் மச்சானின் பழையது. நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"டீச்சர், இந்த நாற்காலி சிரிக்காதுல்ல?"

சிரிக்காது. பத்தொன்பதாம் தேதிக் காட்சிக்கு நாற்காலியே நீதிபதி. "அய்யா உள்ள இருக்காரு" என்று கோர்ட் டவாலி வேடம் போட்ட பையன் சொல்வான், எல்லோரும் கோட்டைப் பார்த்துக் கும்பிடுவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில் முழு நாடகத்துக்கு ஆள் வேண்டும். அது நடந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில்: ஆ. டூட்டி முடிந்து வந்திருந்தார். என் வீட்டுக்காரர், கூட்ஸ் கார்டு. நாலேகாலிலிருந்து ஐந்தே முக்கால்வரை எந்தெந்த கூட்ஸ் வரும் என்று பட்டியல் கேட்டேன்.

"கூட்ஸ் வண்டிக்கு டைம் கேக்கற ஒரே பொம்பள இந்த உலகத்துலயே நீதான் ரோஸி. எப்பக் கெளம்பும்னு அதுல ஏறி உக்காந்திருக்கற எனக்கே தெரியாது."

சரி. ரசம் நன்றாக வந்தது.

ஜூலை 14, திங்கள்

நல்ல செய்தி முதலில். பள்ளி ஹாலில் கூரைத் தகடு மாற்றுகிறார்கள், அதனால் கூட்டம் அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மண்டபக்காரர் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான், மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஏ.சி., பெரிய மேடை, கையில் பிடிக்கிற மைக். முக்கியமாகத் தண்டவாளமே இல்லை. ரயில் இல்லாத மேடை. நான் இரண்டு வருடமாகக் கேட்ட வரம்.

கெட்ட செய்தி. ஹெச்.எம். ஒத்திகை பார்க்க வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், ஐந்து மணிக்கு. கதவோரம் நின்றார். பிள்ளைகள் நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். கூட்ஸ் வந்தது. எல்லோரும் சிலை. நீளமான வண்டி, போகிறது போகிறது போய்க்கொண்டே இருக்கிறது. பாதியில் ஹேமா ஹெச்.எம்.மைப் பார்த்துப் பயந்து அசைந்து வசனத்தைத் தொடங்கிவிட்டாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசுகிறாள் என்று தன்வீரும் பேச, டவாலி எதற்கு என்று தெரியாமல் நாற்காலியைத் தூக்க, கோட்டு கீழே, அதன்மேல் தன்வீர்.

ஹெச்.எம். வாட்சைப் பார்த்தார். போய்விட்டார். அந்த வாட்சைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோபம் எல்லாம் ஹேமா மேல் இறங்கியது. "விதி எழுதிச் சுவத்துல ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா? கடைசிப் பெட்டி போற வரைக்கும் கண்ணிமை ஆடக் கூடாது. யார் வந்தாலும் சரி, கூரையே விழுந்தாலும் சரி." இன்னும் என்னென்னவோ. குரல் கீழே வரை போயிருக்கும். துண்டுச் சீட்டு வராதது அதிசயம்.

அவள் அழவில்லை. "இனி அசைய மாட்டேனுங்க டீச்சர்" என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பயந்தது நான். திட்டு வாங்கியது அவள். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

கணக்குத் தாள் முடிந்தது. ஹேமலதா 41/50. ஓரத்தில் "நன்று" என்று எழுதினேன். நேற்றைக்கு அது மன்னிப்பு ஆகாது என்று தெரியும்.

ஒத்திகை அற்புதம். இரண்டு கூட்ஸ். ஒரு கண் இமைக்கவில்லை. தன்வீர் ஒற்றைக் காலில் நின்று முழு வண்டியையும் அனுப்பிவைத்தான். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, அப்படி நின்றார்கள்.

ஒத்திகை முடிந்து ஹேமாவைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று நான் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு, "எங்கப்பன் சனிக்கெழம வாரேன்னு சொல்லிருக்குதுங்க. லோடு எறக்கிட்டு நேரா வந்துருமாம்."

அப்பா லாரி டிரைவர். நாக்பூர் லோடு. அவள் மேடையில் நிற்பதை இதுவரை பார்த்ததில்லை. அடுத்த ஐந்து மாதத்துக்கு நாலேகால் மணிக்கு அவள் கோழிக்காரியா, அல்லது வீட்டுக்குப் போய் வாய் மூடி உட்காரப் போகிறாளா என்பது சனிக்கிழமை தெரியும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஒத்திகைக்கு வந்தவர்கள்: நான், காதர் சார், ஒரு பூனை.

மறந்தே போனேன். ஆடி ஒன்றாம் தேதி சாயங்காலம் இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். தெருத் தெருவாகத் தேங்காய் சுடுகிறார்கள். தேங்காயை வழவழவென்று தேய்த்து, கண்ணைத் திறந்து, அவலும் வெல்லமும் எள்ளும் பருப்பும் திணித்து, குச்சியில் செருகி நெருப்பில் காட்டிக்கொண்டு அப்படியே வரிசையாக நிற்கிறார்கள். வழியில் தன்வீர், நெருப்பு முன்னால், நண்பன் வீட்டுக் குச்சியை வாங்கிப் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் சிலையாக நின்றான். நான் வண்டியாம். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து "கடைசிப் பெட்டி" என்று ஒரு குரல். திரும்பிப் பார்க்காமல் வந்தேன், முகத்தில் சிரிப்பு தெரிந்துவிடும்.

ஏழு வீட்டிலிருந்து தேங்காய் வந்தது. நாங்கள் கிறிஸ்தவர் என்பதால் எங்களுக்கு ஒன்றும் இருக்காதே என்று எல்லா வீட்டிலும் பரிதாபப்பட்டு அனுப்புகிறார்கள், வருடா வருடம் எங்கள் வீட்டில்தான் அதிகம். ஆ. மூன்று தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

மண்டபத்தில் ஒரே ஒரு ஒத்திகை. இரண்டு டவுன் பஸ் மாறி, கோட்டையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு. கண்டக்டர்: "யாருங்க அது, கோட்டு மட்டும் வருது?" "ஜட்ஜு" என்றான் தன்வீர்.

இருபது நிமிடக் காட்சி பன்னிரண்டில் முடிந்துவிட்டது. ரயில் இல்லை அல்லவா. பிள்ளைகளுக்கு ஒரே சங்கடம். "டீச்சர், எப்ப மூச்சு வாங்கறது?" "அடுத்த வசனம் எப்ப ஞாபகப்படுத்திக்கறது?" இரண்டு வருடமாக நான் ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர்கள் அதில் இளைப்பாறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இங்க வண்டி வராது. நிதானமாப் பேசுங்க, அவ்வளவுதான்" என்றேன்.

நாளைக்கு:
– கோட்டு இஸ்திரி
– நாடா, ஊக்கு, குளுக்கோஸ்
– கோழிக் கூடை (கோழி வேண்டாம். காதர் சாரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று)
– அனுமதிக் கடிதம் 22
– செபமாலை, பையில்

ஜூலை 19, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்குக் கூட்டம். மண்டபம் நிறைய ஆள். முதல் வரிசையில் ஹெச்.எம்., மடியில் மைக், காட்சி முடிந்ததும் பேச. ஹேமாவின் அப்பா கடைசி வரிசையில், கழுத்தில் துண்டு, கண் சிவப்பு. இரவெல்லாம் ஓட்டி வந்தவர். அவள் சித்தியைக் கேட்டேன், அவர்தான் என்றாள்.

தொடங்கினோம். முதல் சிரிப்பு, நாற்காலியைக் கும்பிட்டபோது. இரண்டாவது, தன்வீர். பிறகு ஹேமா வந்தாள், "என்ற கோழிங்க" என்றாள், கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

கரண்ட் போயிற்று.

வெளியே ஆடிக் காற்று, எங்கோ கிளை விழுந்திருக்கும். நான் பின்வாசல் வழியாக ஓடி வாட்ச்மேனைப் பிடித்து ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். அவர் சாவி தேடினார், பீடியை அணைத்தார், போட்டார். மேடைக்கு நேர் பின்னால் இருக்கிறது அந்த ஜெனரேட்டர். தரையெல்லாம் அதிர்ந்தது. விளக்கு வந்தது. அப்பாடா என்று சுற்றி ஓடி முன்வாசலுக்கு வந்து, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மேடையைப் பார்த்தேன்.

எல்லோரும் சிலை.

ஹேமா கையை நீட்டியபடி. தன்வீர் ஒரு காலைத் தூக்கியபடி. டவாலி வாயைத் திறந்தபடி. விதி ஒன்று, விதி இரண்டு, அட்சரம் பிசகாமல். கேட்டது வண்டிச் சத்தம், நின்றுவிட்டார்கள். வண்டியாவது போகும். ஜெனரேட்டர் எங்கே போகும்?

நேற்று இங்கே வண்டி வராது என்று மட்டும் சொன்னேன். சத்தம் வந்தால் என்ன என்று சொல்லவில்லை. கணக்கு டீச்சர், நிபந்தனையை எழுதாமல் விட்டுவிட்டேன். கூரையே விழுந்தாலும் அசையாதே என்று நான்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

கத்தினேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. காதர் சார் மேடையின் அந்தக் கோடியில் கை கட்டி ரசித்துக்கொண்டிருந்தார். (பிறகு கேட்டேன். "புதுசா ஏதோ சேர்த்திருக்கீங்கன்னு நெனச்சேன் டீச்சர். நல்லாத்தான் இருந்துச்சு.") கூட்டத்தில் முதலில் சிரிப்பு, பிறகு முணுமுணுப்பு, பிறகு ஒரு மாதிரி அமைதி. என் பக்கத்தில் ஓர் அம்மா: "பாவம், புள்ளைங்க மறந்துபோச்சுங்க." கடைசி வரிசையில் ஹேமாவின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஹேமாவின் நீட்டிய கை நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இறக்கவில்லை. என் மேல் வைத்த நம்பிக்கையில் அந்தக் கை நின்றது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடுவழியில் ஓடினேன். மூன்று நாடகமும் போயிற்று, திங்கட்கிழமை முதல் முக்கோணவியல் என்று மனதுக்குள் ஓடியது.

பாதி வழியில் மைக்கில் ஒரு குரல். உயர்த்தாத குரல். அட்டெண்டன்ஸ் எடுப்பது போல.

"கடைசிப் பெட்டி."

ஹெச்.எம். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

மேடை உயிர் பெற்றது. தன்வீர் காலைக் கீழே வைத்தான். ஹேமா கையை இறக்கினாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், நாற்காலியில் தொங்கிய கோட்டைப் பார்த்துச் சொன்னாள். எழுதாத வசனம்:

"ஏனுங்க சாமி, வண்டி போயிருச்சுங்களா? அப்ப என்ற கோழி கதையப் பேசலாமுங்களா?"

மண்டபம் வெடித்தது. ரயில்வே குடியிருப்புக்காரர்களுக்குத்தான் முதலில் பிடிபட்டது, சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்கு விளக்கினார்கள், சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. நான் நடுவழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

கையெழுத்து: 22க்கு 20. இரண்டு பேர் வரவில்லை.

ஹேமாவின் அப்பா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ஊட்டுல ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச மாட்டாளுங்க டீச்சர். இத்தன பேச்ச எங்கீங்க வெச்சிருந்தா?" பிறகு மகளிடம், "கை வலிக்குதா சாமி?" என்றார். அவள் இல்லை என்றாள். பொய்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை. தூங்கி வழிந்தேன். மதியம் கோழிக் குழம்பு, ஆ. தட்டைப் பார்த்து, "இது யாரோட கோழிங்க?" இன்றைக்கு நாலு தடவை. இன்னொரு தடவை கேட்டால் குழம்பு கிடையாது.

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. ஹெச்.எம்.முக்கு அந்த வார்த்தை எப்படி. தினமும் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார், சரி. ஆனால் அந்த நேரத்தில் அதுதான் தேவை என்று தெரிய வேண்டுமென்றால், நாங்கள் மாடியில் நிற்கும்போதெல்லாம் அவர் கீழே பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

தூறல். காற்று ஓய்ந்தது.

முதல் பீரியடிலேயே துண்டுச் சீட்டு. "ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர். தேதிகளைக் குறித்துக் கொடுங்கள்." கையெழுத்து. அதற்குக் கீழே, வேறு மையில், பிறகு யோசித்து எழுதியது போல: "நீதிபதிக்கு ஆள் கிடைத்ததா?"

இல்லை என்று சொல்ல நேரில் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் போட்டாலும் சிரிச்சுடறாங்க மேடம்."

"நான் சிரிக்க மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். நான் ஏதோ சொல்லி வெளியே வந்தேன். சொன்னது என்ன என்று ஞாபகம் இல்லை. காதர் சாரிடம் சொன்னேன், கையிலிருந்த பந்தைக் கீழே விட்டார். பிள்ளைகளிடம் சொன்னேன். தன்வீர் மெதுவாக: "டீச்சர், தப்பா வசனம் பேசினா டி.சி. குடுத்துருவாங்களா?"

வகுப்பில் இன்று ஹேமா கையைத் தூக்கினாள். விடை தப்பு. "உட்காரும்மா, வழி சரி" என்றேன்.

ஜூலை 23, புதன்

வெயில். மாவு அரைக்க வேண்டும். காஸ் இன்னும் பதியவில்லை.

நாலேகாலுக்கு ஹெச்.எம். படியேறி வந்தார். சுவரில் ஒட்டிய விதிகளை முழுக்கப் படித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார், தோள்பட்டை பெரிது, ஊக்குக் குத்தினோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நிஜக் கோர்ட். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. ஹேமா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது என்ற கோழிங்க."

நீதிபதியின் முகத்தில் ஒன்றும் இல்லை. பிரமாதம் என்று நினைத்தேன்.

"என்ற ஊட்டுத் தவுட்டத் தின்ன கோழிங்க."

உதட்டோரம் லேசாக. கைக்குட்டையை எடுத்தார்.

"வண்டி உங்குளுதா இருக்கலாம்" என்று ஹேமா சொன்னபோது கூட்ஸ் வந்தது. எல்லோரும் சிலை, ஹெச்.எம்.மும் கைக்குட்டையும் உட்பட. நாற்பத்தைந்து பெட்டிக்குக் குறையாது. ஹேமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசிப் பெட்டி என்றாள், திரும்பினாள், விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கினாள்.

"வயிறு என்ற கோழிதுங்க."

மூன்றாவது வரி. அவ்வளவுதான் தாங்கினார். கோட்டு குலுங்கக் குலுங்க, கண்ணாடி மூக்கிலிருந்து இறங்க, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார், நிறுத்த முடியவில்லை. ஆயாம்மா மாடிக்கு ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆகஸ்டுக்கு மறுபடியும் நாற்காலிதான்.